சாரத்தின் நடுவில் செல்கள் ஏன் வளரவில்லை?

அன்புள்ள மாணவிக்கு, வணக்கம்.

திருச்சியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உங்களைப் போன்ற சிக்கலில் இருக்கும் மற்ற மாணவர்களுக்கும் பதில் பயன்பட வேண்டும் என்பதால், நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடலில் மெல்லக் கரைந்து மறையும் பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமரில், லாக்டைடு 85 பங்கும் கிளைகோலைடு 15 பங்கும் உள்ள வகையை எடுத்து, குளோரோஃபார்மில் கரைத்து, சமையல் உப்பின் தூளோடு கலந்து அச்சில் வார்த்திருக்கிறீர்கள். உலர்ந்தபின் உப்பைத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றி, 10 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள நுண்துளை வில்லைகளாக்கியிருக்கிறீர்கள்; செல்கள் பற்றி வளர இப்படிச் செய்யும் தாங்கியைத்தான் சாரம் என்கிறோம். அவற்றை 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்துக் கிருமி நீக்கி, கிருமியற்ற காற்று ஓடும் பெட்டியான லேமினார் ஹூடில் இரவு முழுவதும் உலரவிட்டு, மறுநாள் எம்.ஜி.-63 எலும்புச் செல்களை மேலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறீர்கள். மூன்று வாரம் கழித்து வெட்டிப் பார்த்தபோது விளிம்பில் செல்கள் அடர்ந்திருந்தன. நடுவில் ஒன்றுகூட இல்லை. செல்களுக்கு ஊட்டம் தரும் திரவமான வளர்ப்பு ஊடகமும் மாற்றிய ஒரே நாளில் மஞ்சளாகிவிடுகிறது. பாலிமர் சிதைந்து வரும் அமிலமே செல்களைக் கொல்கிறது, ஆகவே பாலிகாப்ரோலாக்டோன் என்ற வேறொரு பாலிமருக்கு மாறிவிடுங்கள் என்று உங்கள் நெறியாளர் கருதுகிறார். ஆய்வேட்டுக்கு ஓராண்டே மீதமிருக்கும் நிலையில் மாறலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. சாரத்தில் செல்களை வளர்த்துத் திசுக்களை உருவாக்கும் இந்தத் திசுப் பொறியியல் துறையால் மனிதருக்கு உண்மையிலேயே பயன் கிடைத்திருக்கிறதா என்பது இரண்டாவது.

இப்போதைக்குப் பாலிமரை மாற்றாதீர்கள். உங்கள் வில்லையில் நடந்தது பாலிமரின் குற்றம் என்பதற்குக் கடிதத்தில் ஆதாரம் இல்லை. செல்லும் ஆக்சிஜனும் உள்ளே போகும் வழி அடைபட்டிருக்கிறது என்பதற்கான அடையாளங்களோ நிறைய இருக்கின்றன. வழியைச் சரிசெய்யாமல் பாலிமரை மட்டும் மாற்றினால், ஆறு மாதம் கழித்து வேறொரு பாலிமரில் இதே படத்தைத்தான் பார்ப்பீர்கள்.

விளிம்பில் மட்டும் செல்கள் வளர்வது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் அன்டோனியோஸ் மிகோஸின் ஆய்வுக்குழு 1990-களிலேயே இதே உப்புமுறையில் செய்த பி.எல்.ஜி.ஏ. நுரைகளில் எலும்புச் செல்களை வளர்த்தபோது, எட்டு வாரத்துக்குப் பிறகும் புதிய திசு மேற்பரப்பிலிருந்து சுமார் கால் மில்லிமீட்டர் ஆழம் வரைதான் இறங்கியிருந்தது. உப்புமுறையை இத்துறையில் நிலைநிறுத்தியவர்களின் கைகளிலேயே அதுதான் நிலைமை. காரணம் எளிது. நம் உடலில் பெரும்பாலான செல்கள் ஏதேனும் ஓர் இரத்த நுண்குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தூரத்துக்குள்தான் இருக்கின்றன. உங்கள் வில்லையின் நடுப்புள்ளியோ அருகிலுள்ள மேற்பரப்பிலிருந்தே 2,500 மைக்ரான் தள்ளி இருக்கிறது. அத்துடன், வெறும் ஊடகத்தில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் லிட்டருக்குச் சுமார் 0.2 மில்லிமோல்தான், ஹீமோகுளோபின் இருப்பதால் தமனி இரத்தம் அதைப் போல ஏறத்தாழ 40 மடங்கு சுமந்து வருகிறது. இருக்கும் அந்தச் சொற்ப ஆக்சிஜனையும் விளிம்பில் உட்கார்ந்த செல்களே எடுத்துக்கொள்கின்றன. எம்.ஜி.-63 எலும்புப் புற்றிலிருந்து வந்த வரிசை என்பதால் பெருகுவதில் வேகம் அதிகம். எனவே விளிம்பு இன்னும் சீக்கிரம் அடைபடும்.

ஆனால் மூன்றாவது வாரத்தின் வெட்டுத்துண்டை மட்டும் வைத்துக்கொண்டு நடுப்பகுதி ஏன் காலியாக இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. செல்கள் அங்கே போகவே இல்லையா, போய் மூச்சுத்திணறி இறந்தனவா, போனபின் அமிலமோ மிச்சமிருந்த கரைப்பானோ கொன்றதா என்ற மூன்றும் அந்தப் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆகவே அடுத்த முறை செல்களை விட்ட 24 மணி நேரத்தில் ஒரு வில்லையையும், நான்காம் நாளில் ஒன்றையும், பத்தாம் நாளில் ஒன்றையும் குறுக்காக வெட்டி, உயிருள்ள செல்லைப் பச்சையாகவும் இறந்ததைச் சிவப்பாகவும் காட்டும் சாயங்களால் பாருங்கள். முதல் நாளே நடுவில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை என்றால் செல்கள் போகவே இல்லை. முதல் நாள் பச்சையாக இருந்து நான்காம் நாளில் சிவப்பானால் ஆக்சிஜன் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். முதல் நாளிலேயே நடுவில் சிவப்பு என்றால் குளோரோஃபார்ம் முழுதும் வெளியேறவில்லை என்று பொருள் கொள்ளலாம். இந்தச் சோதனையைச் செய்துவிட்டு நெறியாளரிடம் போனால், பேச்சு அபிப்பிராயங்களைப் பற்றியதாக இல்லாமல் படங்களைப் பற்றியதாக இருக்கும்.

எனக்குப் பலமான சந்தேகம் முதல் காரணத்தின் மீதுதான். அதற்குத் தடயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஆல்கஹாலில் நனைத்தபின் இரவு முழுவதும் உலரவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பி.எல்.ஜி.ஏ. தண்ணீரோடு எளிதில் ஒட்டாத பொருள். உலர்ந்த வில்லையின் துளைகளில் காற்று நிறைந்திருக்கும். மேலே விடும் ஊடகம் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்காது. உங்கள் வில்லைகள் முதல் நாள் ஊடகத்தில் மிதந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மிதந்திருந்தால் செல்கள் மேற்பரப்பிலேயே நின்றிருக்கின்றன, மீதி வழிந்து தட்டின் அடியில் படிந்திருக்கின்றன. ஆல்கஹாலுக்குத் துளைக்குள் புகும் திறன் உண்டு என்பதால், முதலில் ஆல்கஹாலால் காற்றை வெளியேற்றி, பின் அதை நீரால் மாற்றும் முறையை மிகோஸின் குழுவே 1994-ல் விளக்கியது. நீங்கள் முதல் பாதியைச் செய்தீர்கள்; உலரவிட்டதால் காற்று திரும்பிவிட்டது. இனி உலர்த்தாமல், கிருமி நீக்கிய பாஸ்பேட் உப்புக்கரைசலில் பலமுறை மாற்றி மாற்றி ஊறவைத்து ஆல்கஹாலை முற்றிலும் அகற்றி, கடைசியில் சீரம் கலந்த ஊடகத்தில் ஓர் இரவு வைத்து, ஈரமாக இருக்கும்போதே செல்களை விடுங்கள். ஆல்கஹாலில் அரை மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், சில பி.எல்.ஜி.ஏ. வகைகள் அதில் சுருங்கும். வில்லை தானாக மூழ்கிய பிறகே செல்லைத் தொடுவது என்று ஒரு விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது துளைகளின் தொடர்பு. உப்பு எத்தனை சதவீதம் சேர்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாமே அதில்தான் இருக்கிறது. உப்பின் அடர்த்தி 2.16, பி.எல்.ஜி.ஏ.யின் அடர்த்தி சுமார் 1.25. எடையில் 70 சதவீதம் உப்பு சேர்த்தால் அதிகம் என்று தோன்றும். கொள்ளளவாகக் கணக்கிட்டால் துளைகள் 57 சதவீதம்தான் வரும். 90 சதவீதம் சேர்த்தால்தான் 84 சதவீதம் கிடைக்கும். உப்பு குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு மணியையும் பாலிமர் தனித்தனியாகப் போர்த்திக்கொள்வதால், உப்பு கரைந்த இடங்கள் கதவில்லாத அறைகளாக நின்றுவிடும். சில மணிகள் வெளியேறவே வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க மின்னணு நுண்ணோக்கி வேண்டியதில்லை: ஒரு வில்லையைக் கூரிய பிளேடால் நான்காக நறுக்கி, வாலை வடிநீரில் இரண்டு மணி நேரம் போட்டு, அந்த நீரில் சில துளி வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டுப் பாருங்கள். பால்போல் கலங்கினால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருப்பதால் அதில் இந்தச் சோதனை செல்லாது.

உப்புமணிகளை 300, 425 மைக்ரான் சல்லடைகளுக்கு இடையே பிரித்தெடுத்துக்கொள்ளுங்கள். எலும்புத் திசுவுக்கு 100 மைக்ரான் துளை குறைந்தபட்சம் என்று சொல்வார்கள். இரத்தக்குழாய்களும் வளர்ந்து வர வேண்டுமானால் 300-க்கு மேல் இருப்பதே நல்லது. பாலிமரை ஊற்றுவதற்கு முன், அச்சில் பரப்பிய உப்பை 37 பாகை வெப்பமும் 95 சதவீத ஈரப்பதமும் உள்ள இடத்தில் சில மணி நேரம் வைத்தால், மணிகள் தொடும் இடங்களில் லேசாகக் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுகளே பிறகு துளையிலிருந்து துளைக்குப் போகும் வாசல்களாகும். உங்கள் ஆய்வகத்தின் இன்குபேட்டர் ஏறக்குறைய அதே நிலைமையில்தான் இருக்கிறது என்றாலும், செல்கள் வளரும் அறையில் உப்பைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஒரு மூடிய டப்பாவில் ஈரத்துணியோடு வைத்து வேறோர் அடுப்பில் சூடாக்கினால் போதும்.

வார்த்தபின் வில்லையின் மேல்முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். குளோரோஃபார்ம் கரைசலைவிட உப்பு கனமானது என்பதால் கீழே படியும். மேலே உப்பில்லாத பாலிமர் மெல்லிய தோலாக உலரும். அது பளபளப்பாகத் தெரியும். நீங்கள் செல்களைச் சொட்டியது அந்தத் தோலின் மீதாக இருந்தால் உள்ளே இறங்க வாய்ப்பே இல்லை. இருபுறமும் அரை மில்லிமீட்டர் சீவி எறிந்துவிடுங்கள். நுண்ணோக்கிப் படம் எடுக்கும்போதும் மேற்பரப்பை எடுக்காதீர்கள். திரவ நைட்ரஜனில் உறையவைத்து உடைத்த குறுக்குமுகத்தை எடுங்கள். ஆய்வேடுகளில் வரும் அழகான படங்களில் பல மேற்பரப்புப் படங்களே. அவை உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

கரைப்பானை வெளியேற்றும் அவசரத்தில் 60 பாகை அடுப்பில் வைக்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. பி.எல்.ஜி.ஏ. 45 முதல் 55 பாகையிலேயே இளகத் தொடங்கும், துளைகள் அமுங்கிவிடும். அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அறை வெப்பத்தில் வெற்றிடத்தில் பல நாள் வைப்பதுதான் பாதுகாப்பு. திருச்சியின் காற்று ஈரத்திலும் பாலிமர் மெல்லச் சிதையும் என்பதால் மூலப்பொருளைச் சிலிக்கா ஜெல்லோடு உறைபெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறந்துவிடாமல், குப்பி அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் பனித்துளி உள்ளேயே படியும்.

இனி அமிலம். உங்கள் நெறியாளரின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. இந்தப் பாலிமர்கள் நீரால் அறுபட்டு லாக்டிக் அமிலமாகவும் கிளைகோலிக் அமிலமாகவும் மாறுகின்றன. கனமான துண்டுகளின் உட்புறத்தில் அந்த அமிலம் வெளியேற முடியாமல் தேங்கி, சிதைவை மேலும் விரைவாக்குகிறது என்பதும் உறுதிப்பட்ட செய்தி. ஆனால் கால அளவைப் பார்க்க வேண்டும். லாக்டைடும் கிளைகோலைடும் சரிபாதியாக உள்ள பி.எல்.ஜி.ஏ. ஒன்றிரண்டு மாதங்களில் கரையும். உங்களுடைய 85:15 வகைக்கு ஐந்தாறு மாதம் ஆகும். மூன்று வாரத்துக்குள், அதுவும் ஊடகத்தை மாற்றிய ஒரே நாளில், அதை மஞ்சளாக்கும் அளவுக்கு அது அமிலம் விட வாய்ப்பு குறைவு. செல்களும் லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. ஆக்சிஜன் குறைந்தால் இன்னும் அதிகமாக வெளியிடுகின்றன. ஊடகத்திலுள்ள, அமிலம் கூடினால் மஞ்சளாகும் சாயமான ஃபீனால் ரெட் இரண்டையும் பிரித்துக் காட்டாது. எனவே செல் விடாத ஒரு வில்லையை அதே ஊடகத்தில், அதே இன்குபேட்டரில், அதே நாட்களுக்கு வைத்திருங்கள். அது சிவப்பாகவே நின்றால் மஞ்சளுக்குக் காரணம் செல்களின் நெரிசல். அப்போது ஊடகத்தின் அளவைக் கூட்டுவதும் அடிக்கடி மாற்றுவதும் போதும்.

பாலிகாப்ரோலாக்டோன் கரைய இரண்டாண்டுக்கு மேல் ஆகும். அமிலம் மெல்ல வரும். ஆனால் அதுவும் தண்ணீரோடு ஒட்டாது, அதற்கு மாறுவதால் ஆக்சிஜனும் கூடுதலாக வரப்போவதில்லை. அதற்கு மாற ஒரே நல்ல காரணம், அது சுமார் 60 பாகையில் உருகுவதால் முப்பரிமாண அச்சில் இழை இழையாக அடுக்கி, நேரான கால்வாய்கள் கொண்ட சாரமாகச் செய்ய முடியும் என்பதுதான். சிங்கப்பூரில் இப்படிச் செய்த பாலிகாப்ரோலாக்டோன் அடைப்புகள், மண்டையோட்டில் அறுவைக்காகத் துளைத்த ஓட்டைகளை மூடப் பயன்படுகின்றன. 2006-ல் அமெரிக்காவிலும் அவற்றுக்கு அனுமதி கிடைத்தது. உங்கள் துறையில் அந்த அச்சு இயந்திரம் இருந்தால் நெறியாளரின் யோசனையை அந்தக் கோணத்தில் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வேண்டாம்.

இவ்வளவையும் சரிசெய்த பின் முதல் நாளில் நடுவிலும் செல்கள் தெரிந்து, பிறகு இறந்தால், அப்போதுதான் ஊடகத்தை வில்லையின் ஊடே மெல்லப் பாய்ச்சும் பெர்ஃப்யூஷன் அமைப்பு தேவைப்படும். குழாயை அழுத்தி அழுத்தித் திரவத்தைத் தள்ளும் ஒரு பெரிஸ்டால்டிக் பம்பும் சிலிக்கோன் குழாயும் இருந்தால் சிறியதாகச் செய்துவிடலாம். ஆனால் அதற்கும் முன்னால் தடிமனை 5 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்குக் குறைத்துப் பாருங்கள். ஆய்வேட்டுக்கு 5 மி.மீ. வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தியதாக நீங்கள் எழுதவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இந்தத் தடிமனில்தான் இருக்கிறது. ராபர்ட் லாங்கரும் ஜோசஃப் வகான்டியும் 1993-ல் இத்துறையின் வழிகாட்டிக் கட்டுரையை வெளியிட்டபோது எதிர்பார்ப்பு மிகப் பெரியதாக இருந்தது. 1997-ல் முதுகில் காது வடிவக் குருத்தெலும்போடு திரிந்த எலியின் படம் அதை இன்னும் பெரிதாக்கியது. நடைமுறையில் பலன் கண்டவை பெரும்பாலும் மெல்லியவை, அல்லது இரத்தக்குழாயே தேவைப்படாதவை. டோக்கியோவில் டோஷிஹாரு ஷினோகாவின் குழு 2000-ஐ ஒட்டிய காலத்தில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, அவளுடைய சிரையிலிருந்து எடுத்த செல்களை லாக்டைடு-காப்ரோலாக்டோன் குழாயில் வளர்த்து, நுரையீரல் தமனியின் அடைபட்ட பகுதிக்கு மாற்றாகப் பொருத்தியது. மெல்லிய சுவர், பக்கத்திலேயே ஓடும் இரத்தம். அதனால் அது நின்றது. பிறகு யேல் பல்கலைக்கழகக் குழு எலிகளில் பார்த்தபோது, வைத்த செல்கள் சில நாட்களில் மறைந்துவிடுவதும், உடலின் சொந்தச் செல்களை அவை அழைத்துவிட்டுப் போவதும் தெரியவந்தது. எனக்கு இத்துறையில் மிகவும் முக்கியமாகத் தோன்றும் கண்டுபிடிப்பு அது. செல்களைத் திணித்து நிரப்புவதுதான் சாரத்தின் வேலை என்ற எண்ணத்தையே அது அசைத்துவிட்டது.

சிறுநீர்ப்பையில் கதை வேறு. அந்தோனி அட்டாலாவின் குழு ஏழு நோயாளிகளுக்குச் சாரத்தில் வளர்த்த சிறுநீர்ப்பைத் திசுவைப் பொருத்தியதை 2006-ல் வெளியிட்டது. அவர்களில், வயிற்றினுள் இரத்தக்குழாய்கள் நிறைந்த கொழுப்புத் திரையான ஓமென்டத்தால் சாரத்தைப் போர்த்தியவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. ஆனால் அடுத்த கட்டச் சோதனை 2014-ல் வெளியானபோது எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. சில குழந்தைகளுக்குக் கடுமையான பக்கவிளைவுகளும் வந்தன. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், கரையாத பாலிமரில் செய்த மூச்சுக்குழலில் எலும்பு மஜ்ஜைச் செல்களை விட்டு மூவருக்குப் பொருத்தினார்கள். இரத்த ஓட்டம் எப்படி வரும் என்ற கேள்விக்கு விலங்குகளில் விடை தேடாமலே செய்யப்பட்ட அந்த அறுவைகளுக்குப் பின் மூவருமே இறந்தார்கள். அறுவை செய்தவருக்கு 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. உங்கள் வில்லையின் நடுப்பகுதி காலியாக இருப்பதை நீங்கள் மறைக்காமல் எழுதியது எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பது இதிலிருந்து உங்களுக்குப் புரியும்.

முழங்கால் குருத்தெலும்பு இரத்தக்குழாய் இல்லாத, ஆக்சிஜன் குறைவாகவே கேட்கும் திசு. நோயாளியின் சொந்தச் செல்களை மெல்லிய விரிப்பில் பரப்பி வைக்கும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2016-ல் ஒப்புதல் அளித்தது அதில்தான். அங்கேயும் விரிப்பு பன்றியிலிருந்து பெறும் கொலாஜன் என்ற இயற்கைப் புரதமே. நம் பாலிமர் அன்று.

ஆய்வேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தலைப்பை மாற்றாமலேயே உங்களால் நல்ல ஆய்வு செய்ய முடியும். 1, 2, 5 மி.மீ. என்று மூன்று தடிமன்கள், உலர்த்தியும் உலர்த்தாமலும் என்று இரண்டு வகை நனைப்பு. ஒவ்வொன்றிலும் மேற்பரப்பிலிருந்து எத்தனை மைக்ரான் வரை உயிருள்ள செல்கள் இருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். "செல்கள் நன்றாக வளர்ந்தன" என்று எழுதிய ஆய்வேடுகள் நிறைய இருக்கின்றன. ஆழத்தை அளந்து சொன்னவை குறைவு. தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்த எண்ணே பதிலாக இருக்கும்.

செல் இல்லாத வில்லையிலும் ஊடகம் மஞ்சளானால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது பாலிமர் வந்த குப்பியின் லேபிளில் உள்ள பிசுபிசுப்பு எண்ணையும், சங்கிலியின் முனை அமிலமா எஸ்டரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அமில முனை கொண்டவை குறிப்பிடத்தக்க அளவு விரைவாகச் சிதையும், நெறியாளரின் சந்தேகத்தை அந்த விவரத்தோடு மறுபடி எடுத்துப் பார்க்கலாம்.